1930-க்கு அழைத்த பிறகு: இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மையத்தின் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கும் அங்கே பணிபுரியும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வங்கிக் கிளைகளில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்களும், சைபர் மோசடி வழக்குகளில் ஏமாந்தவர்களுக்காகவும் கணக்கு முடங்கியவர்களுக்காகவும் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். 2020 ஜனவரியில் திறக்கப்பட்டு, 2024 ஜூலை முதல் உள்துறை அமைச்சகத்தின் இணைப்பு அலுவலகமாக இயங்கிவரும் உங்கள் மையம் செய்த பெரிய காரியம் எங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் மதுரையில் ஏமாந்தவரின் பணம் ராஜஸ்தானில் ஒரு வங்கிக் கணக்கில் கிடந்தால், அதைத் தடுக்கக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் போய்ச் சேர்வதற்குள் கணக்கு காலியாகிவிடும். 2021-இல் நீங்கள் தொடங்கிய நிதி மோசடிப் புகார் அமைப்பும் பின்னர் வந்த 1930 என்ற உதவி எண்ணும் அந்த நிலைமையை மாற்றின.

ஆனால் பணத்தைப் பிடிப்பதற்குப் போட்ட பாதை, பிடித்த பணத்தை உரியவரிடம் சேர்ப்பதற்குப் போடப்படவில்லை. பிடிப்பது கணினியில் நடக்கிறது, திருப்பித் தருவது இன்னும் காகிதத்தில் நடக்கிறது. நடுவில், குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத சிறு வியாபாரியின் கணக்கும் சேர்ந்து முடங்குகிறது. எங்கே எது சிக்குகிறது, எதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

முதலில், பணத்தைப் பிடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. தவறு வெளியார் செயலாக இருந்து, 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். போலீஸ் போல நடிப்பவர்களால் வீடியோ அழைப்பில் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்பட்டவருக்கு இந்தச் சுற்றறிக்கை உதவாது. அவர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, எந்த லிங்க்கையும் தொடவில்லை. தானே கிளைக்கு வந்து, வைப்புத்தொகையை முறித்து, படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வாடிக்கையாளர் தானே அனுப்பிய பணம் என்று வங்கி சொல்லிவிடும். போலிப் பங்குச்சந்தை செயலியில் முதலீடு செய்தவருக்கும் இதே கதிதான். அதனால் இவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, பணம் வழியில் எங்காவது பிடிபடுவதுதான்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. 'ஓடிபி சொல்லாதீர்கள்' என்று வருடக்கணக்காகச் சொல்லிவரும் பிரசாரம், இன்றைக்குப் பெருந்தொகை இழப்பவர்களைத் தொடுவதே இல்லை. அவர்களைத் தடுக்கக்கூடிய கடைசி இடம் வங்கிக் கவுண்ட்டர்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஒருவர் வருகிறார். போன் சட்டைப் பையில் இருக்கிறது, கேமரா பைக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது, வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. முதிர்வுக்கு நான்கு மாதமே இருக்கும் வைப்புத்தொகையை இன்றே முறிக்க வேண்டும் என்கிறார். பெரிய தொகையை உடனடியாக வேறு வங்கிக்கு அனுப்பும் ஆர்டிஜிஎஸ் படிவத்தில் பயனாளி பெயர் ஏதோ ஒரு 'டிரேடர்ஸ்' அல்லது 'எண்டர்பிரைசஸ்'. எதற்கு என்று கேட்டால் உறவினருக்கு மருத்துவச் செலவு என்கிறார். உறவினருக்குப் போக வேண்டிய பணம் ஏன் ஒரு நிறுவனத்தின் நடப்புக் கணக்குக்குப் போகிறது என்று கேட்டால் பதில் வராது, கை நடுங்கும். கவுண்ட்டரில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்பது ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவனுக்குப் போகிறது. அவன் உடனே 'வங்கி ஊழியர்களும் இந்த வழக்கில் சந்தேகத்தில் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசாதே' என்பான். அதனால் பேசக் கூடாது, எழுதிக் காட்ட வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் 'போலீஸ், சிபிஐ, நீதிபதி என்று யாராவது இப்போது லைனில் இருக்கிறார்களா? தலையை மட்டும் அசையுங்கள்' என்று எழுதி நீட்டினால், உதடு அசையாத மனிதர் தலையை அசைப்பார்.

இந்தச் சீட்டை மாநில மொழிகளில் அச்சிட்டு எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பச் செய்வது பெரிய செலவில்லை. அதோடு, 2024 செப்டம்பரில் நீங்கள் தொடங்கிய சந்தேகக் கணக்குப் பதிவேட்டின் எச்சரிக்கை தலைமை அலுவலகத்தின் மோசடித் தடுப்புப் பிரிவோடு நிற்கக் கூடாது. ஆர்டிஜிஎஸ் படிவத்தை உள்ளிடும் ஊழியரின் திரையிலும் அது வர வேண்டும். சந்தேகம் வந்தால் சில மணி நேரம் நிறுத்தி வைக்க ஊழியருக்கு எழுத்தில் ஒரு பாதுகாப்பும் வேண்டும். இப்போது நிறுத்தினால், வாடிக்கையாளரின் உத்தரவை மறுத்ததாகப் புகார் வரும் என்ற பயத்தில் பலர் கையெழுத்தைச் சரிபார்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது 1930 அழைப்பு. பணம் போன பதற்றத்தில் இருப்பவரிடம் அழைப்பை எடுக்கும் காவலர் பெயர், கைபேசி எண், வங்கி, கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் என்று வரிசையாகக் கேட்கிறார். இதில் எல்லாவற்றையும் தடம் புரளச் செய்வது கடைசியில் சொன்னதுதான். யுபிஐ, ஐஎம்பிஎஸ் பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண். நெஃப்ட்டுக்கு 16 எழுத்து. ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22 எழுத்து. போனில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்ய, பூஜ்யம் ஆங்கில ஓ ஆகிறது, ஒன்று ஐ ஆகிறது. பணத்தைப் பிடிக்கச் சொல்லும் கோரிக்கை, அதாவது டிக்கெட், தவறான எண்ணோடு வங்கிக்குப் போனால், 'இப்படி ஒரு பரிவர்த்தனை இல்லை' என்று திரும்பி வரும். அதற்குள் பணம் மூன்று கணக்குத் தாண்டியிருக்கும்.

இந்தத் தவறைத் தட்டச்சு செய்யும்போதே கண்டுபிடிக்கலாம். ஆர்டிஜிஎஸ் எண்ணின் முதல் நான்கு எழுத்து அனுப்பும் வங்கியின் குறியீடு, ஐந்தாவது எழுத்து ஆர், ஆறாவது எந்த வழியில் அனுப்பினார்கள் என்பதற்கான குறி, அதன்பின் எட்டு இலக்கத்தில் ஆண்டு, மாதம், தேதி, கடைசி எட்டு இலக்கம் வரிசை எண். புகாரில் சொன்ன தேதியும் எண்ணுக்குள் இருக்கும் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் திரை அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். யுபிஐ எண்ணிலும் முதல் இலக்கம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான், ஓ வரவே வராது. இவ்வளவையும் ஒரு சிறிய நிரல் பார்த்துக்கொள்ளும். பயனாளியின் வங்கி எது என்பதிலும் இதே சிக்கல் உண்டு. யுபிஐ முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது செயலிக்குத் துணைநிற்கும் வங்கியின் அடையாளம், பணம் போய் விழுந்த கணக்கு வேறு வங்கியில் இருக்கலாம். ஏமாந்தவருக்கு இது தெரிய வழியில்லை. அழைப்பை எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொகையைப் பலமுறையாக அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். களைப்பில் கடைசிப் பெரிய தொகையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அழைப்புக்குப் பிறகு வரும் ஒப்புகை எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அந்தக் குறுஞ்செய்தி அழைத்தவரின் மொழியில் போகட்டும். இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சமிருக்கிறது என்பதையும் சொல்லட்டும்.

இனி, பணம் போகும் பாதை. பணம் முதலில் போய் விழும் கணக்கை முதல் லேயர் என்கிறோம், அது பெரும்பாலும் நடப்புக் கணக்கு. சேமிப்புக் கணக்கைவிட அதில் வரம்பு அதிகம். கணக்குக்குச் சொந்தக்காரர் பெயருக்கு இருப்பார், பாஸ்புக், காசோலைப் புத்தகம், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாம் வேறொருவர் கையில் இருக்கும். அங்கிருந்து சில நிமிடங்களில் பத்து, இருபது கணக்காகப் பிரிந்து இரண்டாம் லேயர், மறுபடி பிரிந்து மூன்றாம் லேயர். கடைசியில் ஏடிஎம், காசோலையில் ரொக்கம், அல்லது டெதர் போன்ற கிரிப்டோவாக மாறி வெளிநாடு. ஒவ்வொரு வங்கியும் தன்னிடம் இருப்பதைப் பிடித்துவிட்டு, போனதை அடுத்த வங்கிக்கு டிக்கெட்டாகத் தள்ள வேண்டும். சங்கிலியில் ஒரு வங்கி தாமதித்தாலும் மற்ற வங்கிகள் செய்த வேலை எல்லாம் வீண். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. பண்டிகை நாள் இரவிலும் பணம் நகரும். ஆனால் வேறொரு வங்கியின் துணையில் இயங்கும் சிறிய கூட்டுறவு வங்கிகளில் அந்த இரவில் டிக்கெட்டைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. வாடகைக்குக் கணக்குப் பிடிப்பவர்களுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். எந்த வங்கி எத்தனை நிமிடத்தில் பதில் தருகிறது என்ற கணக்கு உங்கள் அமைப்பிலேயே பதிவாகிறது. அதை வங்கி வாரியாக மாதந்தோறும் வெளியிட்டால் போதும், அபராதம் இல்லாமலேயே பாதி வங்கிகள் திருந்திவிடும் என்று நம்புகிறோம்.

இப்போது, பிடிப்பதில் நடக்கும் அநியாயம். மூன்றாம், நான்காம் லேயரில் இருக்கும் ஒருவன் மளிகைக் கடையில் 350 ரூபாய்க்குச் சாமான் வாங்கி யுபிஐயில் கட்டுகிறான். சில வாரம் கழித்து வேறு மாநிலத்திலிருந்து வந்த உத்தரவின்பேரில் கடைக்காரரின் கணக்கு முழுவதும் முடங்குகிறது. அவர் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்புகிறது, கடன் தவணை தவறுகிறது. கிளைக்கு ஓடிவந்து கேட்டால் எங்களால் காட்ட முடிவது ஒரு ஒப்புகை எண் மட்டுமே. யாரிடம் பேசுவது, எந்த மொழியில் பேசுவது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளில் ஒரே திசையில்தான் உத்தரவிட்டன: சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் பிடித்து வையுங்கள், கணக்கை ஓட விடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவும், பறிமுதல் செய்த காவல் அதிகாரி அதை உடனடியாக நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு கடைக்காரரும் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆகவே இதை உங்கள் மென்பொருளிலேயே கட்டாயமாக்குங்கள். முதல் லேயருக்கு அப்பால், தொகை குறிப்பிடாத முடக்க உத்தரவை அமைப்பு ஏற்கக் கூடாது. கணக்குப் பிடிபட்டவுடன் அவருக்குப் போகும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண், பிடித்த தொகை, காவல் நிலையத்தின் பெயர், அலுவலகத் தொலைபேசி எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

பிடித்த பணத்தைத் திருப்பித் தருவதில்தான் மிகப் பெரிய முடிச்சு இருக்கிறது. தொகை பெரிதாக இருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் வங்கி விடுவிக்காது. அதற்கு அதே சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில், சில இடங்களில் 497-இல், மனுப் போட வேண்டும். புகார் ஒப்புகை, பணம் போனதைக் காட்டும் வங்கி அறிக்கை, அடையாளச் சான்று, விசாரணை அதிகாரியின் ஆட்சேபணையின்மை, பிணைப்பத்திரம் எல்லாம் சேர்க்க வேண்டும். முதல் சிக்கல், எஃப்ஐஆர் இருக்காது. இணையதளப் புகார் எல்லாமே எஃப்ஐஆர் ஆவதில்லை, நீதிமன்றமோ குற்ற எண் கேட்கும். 10 லட்சத்துக்கு மேல் இழந்தவர்களுக்காக 2025 மே மாதம் டெல்லியில் சோதனையாகத் தொடங்கிய இ-ஜீரோ எஃப்ஐஆர் நல்ல ஏற்பாடு. ஆனால் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த ஆறு லட்சத்தை இழந்தவர் அது தொடங்கியபோது அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றார்.

இரண்டாவது சிக்கல், பணம் எங்கே எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்பது மனுதாரருக்கே தெரியாது. ஆறு லட்சத்தில் ஒன்றரை லட்சம் பிடிபட்டிருக்கும், அதுவும் ஐந்து வங்கிகளில் ஐந்து கணக்குகளில் சிதறிக் கிடக்கும். நீதிமன்றம் 'ஒன்றரை லட்சத்தை மனுதாரருக்கு வழங்குக' என்று ஆணையிட்டால், ஐந்து வங்கிகளும் அதைத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு வங்கிக்கும் அதன் கணக்கு எண்ணும் பிடித்த தொகையும் ஆணையிலேயே இருக்க வேண்டும். மறுபடி திருத்த மனு, மறுபடி வாய்தா. ஒப்புகை எண்ணை இட்டால் வங்கி, கணக்கு எண், தொகை, பிடித்த தேதி ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் கையொப்பமிட்ட சான்று கிடைக்கும்படி செய்யுங்கள். தகவல் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒரு பக்கம் எங்கள் மனுக்களில் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

மூன்றாவது, ஒரே கணக்கில் பலருடைய பணம் கலந்திருப்பது. ஒரு கணக்கில் 50,000 ரூபாய் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய புகாரின்படி அதில் 40,000, இன்னொருவருடைய புகாரின்படி 60,000 வந்திருக்கிறது. பொது விதி இல்லாததால் முதலில் ஆணை வாங்கி வருபவருக்கே முழுதும் போகிறது, அடுத்தவருக்குப் 10,000 மிஞ்சுகிறது அல்லது எதுவுமே மிஞ்சுவதில்லை. நகரத்தில் வழக்கறிஞர் வைக்க முடிந்தவர் முந்திக்கொள்கிறார். இழப்பின் விகிதப்படி 20,000, 30,000 என்று பிரிப்பதே நியாயம். இதை விதியாக எழுதி எல்லா வங்கிகளுக்கும் அனுப்ப வேண்டும்.

சட்டத்திலும் வழி இருக்கிறது. அதே சன்ஹிதாவின் 107-ஆம் பிரிவின்படி, குற்றத்தால் வந்த சொத்து என்று நீதிமன்றம் கண்டால், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிடலாம். ஆட்சியர் அதை 60 நாட்களுக்குள் செய்து முடிக்க வேண்டும். பலர் பணம் கலந்த கணக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை. ஆனால் நாங்கள் பார்க்கும் வழக்குகளில் இந்தப் பிரிவில் விண்ணப்பம் போடும் காவல் நிலையம் அரிது. மாதிரி விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்து உங்கள் சைட்ரெயின் பயிற்சித் தளத்தில் வையுங்கள். குஜராத்தில் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் வழியாக ஒரே நாளில் பலருக்குப் பணம் திருப்பிக் கொடுத்த முறையையும் மற்ற மாநிலங்களுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கும்பலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவு சைபர் குற்றத்தையும் திட்டமிட்ட கும்பல் குற்றங்களில் சேர்த்திருக்கிறது. குறைந்தது 5 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம், அபராதம் குறைந்தது 5 லட்சம். ஆனால் அந்தப் பிரிவு நிற்க வேண்டுமென்றால், முந்தைய 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றை ஏற்றிருக்க வேண்டும். இன்றைக்கு ஒவ்வொரு மாநிலமும் தன் புகாரில் கண்ட கணக்குச் சொந்தக்காரரைப் பிடித்து அவர்மீது மட்டும் குற்றப்பத்திரிகை போடுகிறது. ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்குக் கணக்கை வாடகைக்கு விட்ட கூலித் தொழிலாளி உள்ளே போகிறார். அந்தக் கணக்குகளை நூற்றுக்கணக்கில் திரட்டி விற்றவன் பெயர் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் ஏறுவதில்லை. ஏறாததால் 111 அவனை எட்டுவதே இல்லை. ஒரே ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), ஒரே ஐபி முகவரி, ஒரே தரகர் எத்தனை மாநிலப் புகார்களில் வருகிறார் என்பதை இணைத்துப் பார்க்கும் வசதி உங்கள் சமன்வயா தளத்தில்தான் இருக்கிறது. காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, நீங்கள் நேரடியாக வழக்குப் போடுவதில்லை என்பது புரிகிறது. ஆனால் குற்றப்பத்திரிகை போடுவதற்கு முன் விசாரணை அதிகாரி அந்த இணைப்பு அறிக்கையைப் பார்த்துச் சேர்த்தாக வேண்டும் என்ற வழக்கத்தை நீங்கள் உண்டாக்கலாம்.

மியான்மரின் மியாவாடி, கம்போடியா, லாவோஸில் உள்ள சைபர் மோசடி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டுத் திரும்பும் இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் ஆற்றைக் கடக்க வைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அடைக்கப்பட்டவர்கள் பலர். எந்த வசனத்தைச் சொல்லச் சொன்னார்கள், எந்தத் தரகர் அனுப்பினார், பணம் எந்தக் கணக்குகளில் விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். விமான நிலையத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பாமல், அவர்கள் மொழி தெரிந்த அதிகாரியைக் கொண்டு, சாட்சிகளாக நடத்தி, முழு வாக்குமூலம் பதிவு செய்யுங்கள்.

2024-இல் மட்டும் சைபர் மோசடியில் மக்கள் இழந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய். 2021-இலிருந்து 2025 நடுப்பகுதி வரை 1930 அமைப்பு காப்பாற்றிய தொகை 5,489 கோடிக்கு மேல் என்றும் சொல்லப்பட்டது. அந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை மாநில வாரியாக, மாதந்தோறும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்: பிடித்த தொகையில் ஏமாந்தவரின் கணக்குக்கு உண்மையில் திரும்பிச் சேர்ந்தது எவ்வளவு, பிடித்த நாளிலிருந்து சேர்ந்த நாள்வரை சராசரியாக எத்தனை நாள்.

இப்படிக்கு,
வங்கிப் பணியாளர்களும் சைபர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர்களும்